அப்பா நெய்யாத கோடு

எங்க வீட்டுல தறி ஓடுதுன்னு என் வகுப்புக்கே தெரியும். போன தை மாதம் அப்பா நெய்து கொடுத்த ஒரு புடவையை, போட்டோவை மட்டும் பார்த்துட்டு பெங்களூர் கடைக்காரர் வேண்டாம்னுட்டார். ஜரிகைக் கரை ஓரமா நெடுக ஒரு கறுப்புக் கோடு ஓடுதாம். கூலியில் பிடிப்பேன் என்றார் முதலாளி. பதினைந்து நாள் உழைப்பு அது. "அங்க நான் கறுப்பு இழையே போடலியே" என்பதைத் தவிர அப்பா எதுவும் பேசவில்லை.

படம் எடுத்தது ஆரணியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் எங்க பெரியப்பா மகன். நல்லவேளை, ரா ஃபைலை அழிக்காமல் வைத்திருந்தார். அவர் கொடுத்த காப்பியைக் கடையில் யாரோ 'பளிச்'னு ஆக்கி அனுப்பியிருக்காங்க.

ரா ஃபைல் அரிசி என்றால் ஜேபெக் சோறு. கேமரா சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கும். பாதிப் புள்ளி பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். கோடாக் கம்பெனியின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. விட்டுப்போன நிறங்களை மென்பொருள் அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்து ஊகித்து நிரப்பும். அதனால படம் கொஞ்சம் மழுங்கலாத்தான் வரும். நாமதான் கூர்மையாக்கணும்.

கூர்மையாக்கினால் புதிதாக ஒரு இழையும் சேராது. ஓரத்தில் வெளிச்சமான பக்கத்தை இன்னும் வெளிச்சமாக்கும், இருட்டான பக்கத்தை இன்னும் இருட்டாக்கும். கண்ணு ஏமாந்துடும், அவ்வளவுதான்! எவ்வளவு என்பது 'அமௌன்ட்', எத்தனை புள்ளி அகலத்துக்கு என்பது 'ரேடியஸ்'. மின்னுற ஜரிகை, ஒட்டினாற்போல அரக்கு நிறம். அங்கே ரேடியஸைத் தாறுமாறாக ஏத்தினா கோடு விழாம என்ன செய்யும்?

அண்ணன் லைட்ரூமில் படத்தை 100 சதவீதத்தில் வைத்து, ரேடியஸை 0.7 ஆக்கினார். கோட்டைக் காணோம். ஆல்ட் கீயை அழுத்தியபடி 'மாஸ்கிங்'கை நகர்த்தினார். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் மட்டும் கூர்மை ஏறும், கறுப்பில் ஏறாது. கரைப் பூவெல்லாம் வெள்ளையா நின்னுது. பின்னாலிருந்து பார்த்த அப்பா, "இங்க பாரு, ஊடை கொஞ்சம் தளர்ந்திருக்கு. அன்னைக்கு கரண்ட் போயிடுச்சு" என்று அவரே ஒரு இடத்தைக் காட்டினார்! பெங்களூர்க்காரர் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதலாளிக்கு அனுப்பினோம். புடவை பெங்களூர் போனது. கூலி முழுசா வந்தது. ஸாரி எல்லாம் யாரும் கேட்கலை. இப்போ அண்ணன் எந்தப் புடவைப் படத்தை அனுப்பினாலும், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கரை ஓரத்தைப் பார்த்துச் சொல்வது அப்பாதான்.