மூன்று தொழில், ஒரு பணியாளர்: சன்னிவேல் நகரின் பொதுப் பாதுகாப்புத் துறை

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்முனையை ஒட்டி அமைந்த சன்னிவேல் நகரில் காவல் துறை, தீயணைப்புத் துறை என்று இரண்டு அமைப்புகள் தனித்தனியே இல்லை. அவ்விரண்டின் பணிகளையும், ஆம்புலன்ஸ் வருமுன் நோயாளிக்குச் செய்யவேண்டிய முதலுதவியையும், ஒரே தலைவரின் கீழ் இயங்கும் பொதுப் பாதுகாப்புத் துறை ஏற்றுச் செய்கிறது. இத்தகைய துறைகள் அமெரிக்காவில் நூற்றுக்கு மேல் உண்டு என்றாலும், அவற்றுள் பல அலுவலகத்தையும் கணக்கு வழக்கையும் மட்டும் ஒன்றாக்கிவிட்டு, காவலரைக் காவலராகவும் தீயணைப்பாளரைத் தீயணைப்பாளராகவும் விட்டுவைத்தவை. சன்னிவேல் அந்த எல்லையைக் கடந்து ஆளையே ஒன்றாக்கியது. அங்கு உறுதிமொழி ஏற்றுப் பணிபுரியும் அலுவலர் மூன்று தொழிலிலும் பயிற்சி பெற்றவர் என்பதால், சில காலம் தீயணைப்பு வண்டியில் ஏறும் அதே கைகள் வேறு சில காலம் ரோந்து வண்டியின் சக்கரத்தைப் பிடிக்கின்றன.

இந்த ஏற்பாடு எந்தப் பெருநகரத் திட்ட அறிக்கையிலிருந்தும் பிறந்ததன்று. 1912இல் நகராட்சியான சன்னிவேல், பிளம்ஸ், செர்ரித் தோட்டங்களும் பழங்களைத் தகரக் குவளைகளில் அடைக்கும் ஆலைகளும் கொண்ட சிற்றூராகவே நெடுங்காலம் இருந்தது; 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 9,829. தன்னார்வத் தீயணைப்பாளரையும் சிறிய காவல் அணியையும் கொண்டு சமாளித்துவந்த அவ்வூர், இரண்டுக்கும் தனித்தனியே முழுநேர ஆட்களை அமர்த்த வசதியற்ற அந்த 1950ஆம் ஆண்டில்தான் இரண்டையும் இணைத்தது. லாக்ஹீட் நிறுவனம் 1956இல் வந்து இறங்கிய பின் ஊர் வீங்கியது. 1960இல் 52,898 ஆன மக்கள்தொகை 2020இல் 1,55,805 ஆயிற்று. சிற்றூரின் சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடு, ஊர் பதினைந்து மடங்கு பெருத்தும் கைவிடப்படவில்லை என்பதுதான் வியப்புக்குரியது. ஆறு தீயணைப்பு நிலையங்களும் இருநூறு அளவிலான அலுவலர்களும் கொண்ட துறையாக அது இன்று நிற்கிறது.

ஓர் அலுவலரை உருவாக்க ஆகும் காலமே இம்முறையின் முதற்செலவு. கலிஃபோர்னியாவில் அமைதிக் காவல் அலுவலராக, அதாவது கைது செய்யும் அதிகாரம் உடையவராக, ஆவதற்கு மாநில ஆணையம் விதித்துள்ள குறைந்தபட்ச அடிப்படைப் பயிற்சி 664 மணி நேரம். அவசர மருத்துவத் தொழில்நுட்பர் என்னும் தகுதிக்குக் குறைந்தது 170 மணி நேரம். இவற்றுக்கு மேல் தீயணைப்புப் பள்ளியின் பல மாதப் பயிற்சியும், மூத்த அலுவலரோடு வண்டியில் சென்று கற்கும் களப் பயிற்சியும் உண்டு. ஆக, புதிதாகச் சேர்ந்தவர் தனித்து ஒரு வேலையில் நிற்க ஓராண்டுக்கு மேல் பிடிக்கிறது. அக்காலம் முழுவதும் அவருக்குச் சம்பளம் உண்டு, அவரால் ஊருக்குப் பயன் குறைவு. இணைப்பால் பணம் மிச்சமாகும் என்று மேடையில் பேசுவோர் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

இம்முறையின் உண்மையான பயன் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதை அறிய ஒரு வீட்டுத் தீயை எடுத்துக்கொள்வது தகும். பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம் நடத்திய சோதனைகளில், மரமும் பருத்தியுமாகிய பழைய அறைகலன்கள் நிறைந்த அறை முழுமையாகப் பற்றிக்கொள்ள அரை மணி நேரம் அளவு எடுத்தது. செயற்கை நுரையும் நெகிழியும் நிறைந்த இன்றைய அறையோ ஐந்து நிமிடத்துக்குள் அந்நிலையை எட்டியது. அறையிலுள்ள எரியக்கூடிய அனைத்தும் ஏறத்தாழ ஒரே கணத்தில் தீப்பற்றும் அந்நிலைக்குப் பின் உள்ளே இருப்பவர் பிழைப்பது அரிது. ஆகவே எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் போலவே எத்தனை நிமிடத்தில் வருகிறார்கள் என்பதும் உயிர் காக்கும் கேள்வியாகிறது. தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் 2001இல் வெளியிட்ட தரநெறி, முழுநேரத் தீயணைப்பு வண்டி ஒவ்வொன்றிலும் குறைந்தது நால்வர் இருக்கவேண்டும் என்கிறது. கூட்டாட்சித் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் 1998இல் திருத்திய விதியோ, புகை சூழ்ந்த கட்டடத்துக்குள் இருவர் நுழைந்தால் அவர்களை மீட்க வெளியே குறைந்தது இருவர் ஆயத்தமாக நிற்கவேண்டும் என்று கட்டளையிடுகிறது. உள்ளே உயிருக்குப் போராடுபவர் இருப்பது தெரிந்தால் மட்டுமே அதற்கு விலக்கு.

சன்னிவேலின் தீயணைப்பு வண்டியில் வழக்கமாக வருவோர் இருவரே. மற்ற இருவரும் அதற்கு மேற்பட்டோரும் ரோந்து வண்டிகளிலிருந்து வருகிறார்கள். தெருவில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அவ்வண்டிகளின் பின்பெட்டியில் தீக்காப்பு உடை, தலைக்கவசம், முகமூடியோடு முதுகில் சுமக்கும் மூச்சுக்காற்று உருளை ஆகியவை எப்போதும் மடித்து அடுக்கப்பட்டிருக்கின்றன. அழைப்பு வந்ததும் ரோந்து அலுவலர் தம் வண்டியை நீர்க்குழாய் இழுக்க இடைஞ்சலில்லாமல் தள்ளி நிறுத்தி, காவல் சீருடையின் மேல் தீக்காப்பு உடையை ஏற்றி, அங்கு வந்து சேரும் மேலலுவலர் காட்டும் வேலையில் இறங்குகிறார். வண்டியை எங்கே நிறுத்துவது என்பது சிறு செய்தியாகத் தோன்றலாம்; தெருவோரத் தீக்குழாயை மறித்து நிறுத்தப்பட்ட காவல் வண்டி தீயணைப்பாளருக்குத் தரும் எரிச்சல் இரு துறைகளும் பிரிந்திருக்கும் நகரங்களில் பழங்கதை. இங்கே மறிப்பவரும் குழாய் இழுப்பவரும் ஒருவரே என்பதால் அந்தப் பூசலுக்கு இடமில்லை.

எதிர்வாதமும் வலுவானதே. தீயணைப்பாளரின் பன்னாட்டுத் தொழிற்சங்கம் இத்தகைய இணைப்பைத் தொடர்ந்து எதிர்த்துவருகிறது. ஒரே மனிதர் இரண்டு தொழிலிலும் தேர்ந்தவராக நீடிக்க முடியாது என்பதும், பெரிய தீயொன்று தெருவில் உள்ள காவலர் அனைவரையும் விழுங்கிவிட்டால் அந்நேரம் நடக்கும் குற்றத்துக்கு யார் போவார் என்பதும் அதன் கேள்விகள். முதற்கேள்விக்குத் தொடர் பயிற்சி ஒருவகையில் விடையாகலாம். இரண்டாவதற்கு அக்கம்பக்க நகரங்களின் உதவி ஒப்பந்தம் தவிர வேறு விடை இல்லை. மனப்பாங்கு பற்றிய சிக்கல் இவற்றைவிட நுட்பமானது. தீயணைப்பாளரைக் கண்டால் மக்கள் கதவைத் திறக்கிறார்கள். காவலரைக் கண்டால் சிலர் தயங்குகிறார்கள். இரண்டும் ஒரே முகமாகும்போது நம்பிக்கை தீயணைப்பிலிருந்து காவலுக்குப் பரவுமா, அச்சம் காவலிலிருந்து தீயணைப்புக்குப் பரவுமா என்பதை எந்தத் தரநெறியும் முடிவு செய்துவிட முடியாது. ஒவ்வொரு தெருவிலும் அலுவலர் நடந்துகொள்ளும் விதம்தான் முடிவு செய்யும்.

மூன்று தொழில் என்று எண்ணுவோர் நான்காவது ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 911 என்னும் அவசர எண்ணுக்கு வரும் அழைப்பை எடுத்து, வண்டிகளை ஏவும் டிஸ்பாட்சர்களின் தொழில் அது. அந்த எண்ணில் முதல் அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிற்றூரில் செய்யப்பட்டது. அன்று தரைவழித் தொலைபேசி ஒரு சுவரில் பொருத்தப்பட்டிருந்தது. அழைப்பவர் எங்கே இருக்கிறார் என்பதற்கு அச்சுவரே சான்று. கைபேசி வந்தபின் அந்தச் சான்று போயிற்று. எனவே முதற்கேள்வி என்ன நடந்தது என்பதாக இல்லாமல், எந்த முகவரி என்பதாகவே பெரும்பாலும் அமைகிறது: இணைப்பு அறுந்துபோனாலும் முகவரி கிடைத்திருந்தால் வண்டி போய்ச்சேரும். பிள்ளைகளோடு சில மாதம் தங்க இந்தியாவிலிருந்து வரும் முதியோர், வீட்டுக்கு வழி தெரிந்தும் கதவு எண் தெரியாதவர்களாக இருப்பது இங்கே உண்மையான ஆபத்து; குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்த ஒரு காகிதம் அதைத் தீர்த்துவிடும்.

அழைப்பு ஏற்பவரின் கைத்திறன் குரலில் இருக்கிறது. பதறிக் கூவுபவரிடம் சமாதானம் சொல்லிக்கொண்டிராமல், ஒரே வேண்டுகோளை, அதே சொற்களில், அதே தொனியில் திரும்பத் திரும்பச் சொல்லும்போது பதற்றம் தணிந்து பதில் வருகிறது என்பது அத்தொழிலில் பயிற்றுவிக்கப்படும் உத்தி. ஒருவர் மயங்கி விழுந்தார் என்றால் இரண்டு கேள்விகள் போதும்: விழித்திருக்கிறாரா, இயல்பாக மூச்சுவிடுகிறாரா. இரண்டுக்கும் இல்லை என்ற பதில் வந்தால், நெஞ்சின் நடுவில் கைகளை வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தும்படி சொல்லி, தாமே உரக்க எண்ணத் தொடங்குகிறார். இதயம் நின்றவரிடமிருந்து சில நிமிடம் வரும் விக்கல் போன்ற திணறலை மூச்சு என்று உறவினர் தவறாக எண்ணிவிடுவதால்தான் "இயல்பாக" என்ற அடைமொழி கேள்வியில் இடம்பெறுகிறது. "கேள்வி கேட்டது போதும், முதலில் வண்டியை அனுப்புங்கள்" என்று சினப்பவர்கள் அறியாதது, கேள்விகள் தொடரும்போதே விடைகள் திரையில் பதிவாகி, அதைக் கண்ட இன்னொருவர் வண்டியை ஏவிவிட்டிருப்பார் என்பதே. முதலில் வந்து நிற்பவர் பெரும்பாலும் அருகில் இருந்த அலுவலர். நோயாளியைக் கொண்டுசெல்லும் ஆம்புலன்ஸும் உயர்நிலை மருத்துவப் பணியாளரும் மாவட்ட அளவிலான வேறோர் ஏற்பாட்டிலிருந்து வருகிறார்கள்.

இந்நகர மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். கணினித் தொழிலை நாடி வந்த தமிழரும் அவர்களுள் அடங்குவர். ஆங்கிலம் அறியாதவரின் அழைப்பை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பக்கத்து நகரமான சான் ஹோசேதான் விடை கண்டது. வியட்நாமிய அகதிகள் குடியேறிய காலத்தில், அந்நகரக் காவல் அலுவலர் ஒருவர் 1982இல் தன்னார்வ முயற்சியாகத் தொடங்கிய தொலைபேசி வழி மொழிபெயர்ப்பே லேங்குவேஜ் லைன் என்ற பெருநிறுவனமாக வளர்ந்தது. இப்போது அழைப்பவர் தம் மொழியின் பெயரை ஆங்கிலத்தில் சொன்னால் போதும். மூன்றாவது குரலாக மொழிபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார். ஆயினும் "தமிழ்" என்று ஒரு சொல் சொல்லவேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது.

மக்களைத் தேடிச்சென்று அறிவிக்கும் பணியில் இந்த மொழி இடைவெளி இன்னும் பெரிது. கைபேசிகளை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்யும் கம்பியில்லா அவசர எச்சரிக்கை 2012இல் தொடங்கியது. 90 எழுத்துக்குள் அடங்கவேண்டியிருந்த செய்தி 2019இல் 360 எழுத்தாக விரிந்தது. மாவட்டம் நடத்தும் எச்சரிக்கைச் சேவையில் குடியிருப்போர் தாமே பெயர் பதிந்துகொள்ளவேண்டும். நிலநடுக்க முன்னெச்சரிக்கைச் செயலியான மைஷேக், 63 உயிர்களைப் பறித்த 1989 லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தின் முப்பதாம் ஆண்டு நாளில் மாநிலம் முழுவதற்கும் திறக்கப்பட்டது. கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2023இல் வகுத்த விதி, ஆங்கிலம் நீங்கலாக 13 மொழிகளில் ஆயத்த வாசகங்கள் இருக்கவேண்டும் என்றது. அப்பட்டியலில் இந்தி உண்டு, தமிழ் இல்லை. நாடு முழுவதும் பேசுவோர் எண்ணிக்கையைக் கொண்டு வகுத்த பட்டியல் ஒரு நகரத்தின் தெருக்களுக்குப் பொருந்தாமல் போவது இயல்பு. அந்தக் குறையை நிரப்புவது உள்ளூர்த் துறையின் வேலை, அதற்குச் சட்டம் வற்புறுத்தத் தேவையில்லை.

சட்டம் வற்புறுத்துவன வேறு உண்டு. கலிஃபோர்னியாவின் காவல் அமைப்புகள் தம் நடைமுறை விதிகளையும் பயிற்சிப் பாடங்களையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்பது 2020 முதல் கட்டாயம். துப்பாக்கிச் சூடு போன்ற நிகழ்வில் உடல் கேமராப் பதிவை, விசாரணை கருதிய விலக்குகள் நீங்கலாக, 45 நாளுக்குள் வெளியிடவேண்டும் என்பது 2019 முதல். எதை அறிவிக்கக்கூடாது என்பதும் விதியாகியுள்ளது: வன்முறையற்ற குற்றத்துக்குக் கைதானவரின் படத்தைச் சமூக ஊடகத்தில் இடுவதை 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. கைது தீர்ப்பாகாது என்ற பழைய நெறிக்கு இது காலம் தாழ்ந்து கிடைத்த காவல்.

காவல் துறைகளின் வானொலி அலைவரிசை பற்றிய பூசல் இன்னும் ஓயவில்லை. காவலர் தமக்குள் பேசுவதைச் செய்தியாளரும் ஆர்வலரும் சிறு கருவியில் கேட்டுவந்த வழக்கம் பல பத்தாண்டுகள் பழையது. வாகன ஓட்டியின் பிறந்த தேதி, உரிம எண் போன்ற தனிவிவரங்கள் காற்றில் ஒலிக்கக்கூடாது என்று மாநில நீதித் துறை 2020 அக்டோபரில் அறிவுறுத்தியபோது, ஒன்று அலைவரிசையை மறைகுறியாக்கலாம், அல்லது அவ்விவரங்களை மட்டும் வேறு வழியில் அனுப்பலாம் என்று இரு வழிகளையும் அது காட்டியது. பல துறைகள் எளிதான முதல் வழியைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் மூடின. அதே மாவட்டத்தின் பாலோ ஆல்ட்டோ நகரும் 2021 ஜனவரியில் மூடியது. குடிமக்களும் நகரமன்றத்தில் சிலரும் கேள்வி எழுப்ப, 2022இல் திரும்பத் திறந்தது. அப்போது அந்நகர அலுவலர் பொது அலைவரிசையில் பேசி, தனிவிவரத்தை வேறு வழியில் பெறத் தொடங்கினார்.