கடல் கடந்து வந்த படம்

1982 ஆம் ஆண்டிலே, வடமராட்சிக் கரையோரத்திலிருந்த எமது வீட்டுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வந்து சேர்ந்தது. முற்றத்தில் 30 அடிக் குழாயொன்றை நாட்டி, அதன் உச்சியில் அன்ரெனாவைக் கட்டி, வடக்கு நோக்கித் திருப்பி வைத்தோம். வெள்ளிக்கிழமைகளிலே சென்னையின் ‘ஒளியும் ஒலியும்’ பார்ப்பதற்கு அயலவர் பாயுடன் வந்து கூடுவர்.

சில நாட்களில் படம் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். சில நாட்களில் வெறும் புள்ளிமழை. குழாயைத் திருப்பும் பணி தம்பியினுடையது. ஆதலால் பழியும் அவனுக்கே. சோளகம் உரத்து வீசிய ஒரு மாலை, நிகழ்ச்சி முடியும்வரை அவன் குழாயைக் கட்டிப் பிடித்தபடி நின்றான். படம் வரவில்லை. “நீ ஒழுங்காய்ப் பிடிக்கேல்லை” என்று ஐயா முதுகில் இரண்டு வைத்தார். நாமும் கூடநின்று ஏசினோம்.

பிற்காலத்தில் பௌதிகம் கற்றபோதே உண்மை விளங்கிற்று. வானொலியின் சிற்றலைகள் மேல்வானத்து அயன மண்டலத்தில் பட்டு மீண்டும் நிலத்துக்குத் திரும்புவன. அன்றைய தொலைக்காட்சி அலைகளோ அவற்றினும் குறுகியவை. சில மீற்றர் நீளமே உள்ளவை. பெரும்பாலும் அவை அம்மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடும். எனவே ஏறத்தாழ நேர்கோட்டிலேயே அவை வந்தாக வேண்டும். பூமியோ உருண்டை. எமது அன்ரெனாவின் தொடுவானம் ஏறத்தாழ 12 கிலோமீற்றரில் முடிந்துவிடும். சென்னையோ 360 கிலோமீற்றருக்கு அப்பால். அங்குள்ள கோபுரத்தின் உயரத்தைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் எட்டாத தூரம்!

இங்கேதான் கடல் துணைசெய்கிறது. இந்தியக் கரையின் சூடான வறண்ட காற்று கடலின்மேற் பரவும்போது, அதன் கீழே நீரைத் தொட்டுக் கிடப்பது குளிர்ந்த ஈரக்காற்று. இரண்டும் சந்திக்குமிடத்தில் அலை கீழ்நோக்கி வளைகிறது. கானல்நீரில் ஒளி வளைவதும் இவ்வாறே, திசைதான் வேறு. அப்படலம் போதிய தடிப்புடையதாயின், துலாவால் இறைத்த நீர் வாய்க்காலில் ஓடுவதுபோல, அலையும் பூமியின் வளைவோடு ஒட்டி ஓடிவரும். சென்னையிலிருந்து வடமராட்சிக்குக் கோடு கிழித்துப் பாருங்கள். அது பெரும்பாலும் கடலின் மேலாகவே வரும். இரண்டாம் உலகப் போரின்போது பம்பாயிலிருந்த றேடார், 1,000 மைலுக்கு அப்பாலுள்ள அரேபியக் கரையைக் கண்டதும் இத்தகைய வாய்க்காலினாலேயே.

நிலத்தின்மேல் இந்த வசதி அரிது. குன்றும் மரமும் வீடும் மறிக்கும். பகல் வெயிலில் தரை சூடேற, மேலெழும் காற்று படலங்களைக் குலைத்துவிடும். இரவில் தரை குளிர்ந்தபின் சிலவேளை அவை மீண்டும் அமையும். கடலிலும் பலத்த காற்று வீசினால் இரு படலங்களும் கலந்து வாய்க்கால் உடைந்துபோகும். அன்று மாலை சோளகம் செய்த வேலை அதுவே. குழாயை எப்பக்கம் திருப்பியும் பயனில்லை.

தம்பி இப்பொழுது கனடாவில். சென்ற ஆண்டு தொலைபேசியில் இவற்றையெல்லாம் அவனுக்கு விளக்கினோம். நெடுநேரம் கேட்டிருந்துவிட்டு, “அப்ப ஐயாவுக்கு ஆர் அண்ணை சொல்லுறது?” என்றான்.

ஐயா காலமாகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன.