பிடியரிசிப் பள்ளியும் பரோட்டாக் கடை மேஜையும்

விருதுநகர் பஜார் பக்கம் போனால் முதலில் வேலை செய்வது மூக்குதான். வத்தல் நெடி, எண்ணெய் வாசம், பருப்பு மூட்டைகளின் தூசி. இந்த வியாபாரத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடமும் பிறந்தது என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது.

1889-ம் ஆண்டு. அப்போது ஊருக்குப் பெயர் விருதுபட்டி; விருதுநகர் ஆனது 1923-ல். சரக்குக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் உறவின்முறைக்குக் கொடுக்கும் தொகைக்கு 'மகமை' என்று பெயர். அந்தப் பணத்தில் எழுந்ததுதான் சத்திரிய வித்யாசாலை. உலை வைக்கும் முன் வீட்டுப் பெண்கள் தனியாக எடுத்துவைத்த ஒரு பிடி அரிசியும் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. நடத்தியது நாடார் சமூகம். ஆனால், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கலாம். பத்து வருடம் கழித்து, 1899-ல், இதே சமூகத்தினர் கோயிலுக்குள் போக உரிமை கேட்டதை ஒட்டி பக்கத்து சிவகாசியில் பெரும் கலவரமே வெடித்தது. அப்படிப்பட்ட காலத்தில் திறந்த பள்ளி இது.

அதே 1889-ல், ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் டெவியட் ரோ ஹவுஸ் திறக்கப்பட்டது. மாணவர் சங்கத்துக்கென்றே கட்டப்பட்டவற்றில் உலகின் மிகப் பழைய கட்டடம் என்கிறார்கள். கோட்டை மாதிரி கோபுரங்கள். உள்ளே விவாத அரங்கு, நூலகம், சாப்பாட்டுக்கூடம். அதற்கும் பணம் சந்தையில் இருந்துதான்! நிதி திரட்ட 1886-ல் ஒரு கண்காட்சிச் சந்தை நடத்தினார்கள். அதற்காகவே ஒரு புத்தகமும் போட்டார்கள். 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சனும் அதில் எழுதியிருக்கிறார். ஆனால், அந்த மன்றம் ஆண்களுக்கு மட்டும். பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 1970-கள் வரை ஆனது. கட்டியபோதே எல்லோருக்கும் கதவைத் திறந்த விஷயத்தில் என் ஓட்டு விருதுபட்டிக்குத்தான்.

வித்யாசாலையின் புகழ்பெற்ற மாணவர் காமராஜர். தந்தையை இழந்ததால் பாதியில் படிப்பை விட்டு, மாமாவின் துணிக்கடைக்குப் போனவர். அவருக்கு அரசியல் கற்றுக்கொடுத்தவை ஊரில் நடந்த பொதுக்கூட்டங்கள்தான். அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவு இல்லம். முதலமைச்சர் வீடு என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள், அவ்வளவு சின்னது.

1967 தேர்தலில் இதே ஊரில் அவரைத் தோற்கடித்தவர் ஒரு மாணவர் தலைவர். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னணியில் நின்ற பெ.சீனிவாசன். வித்தியாசம் 1,285 ஓட்டு. மாணவர்கள் கூடிப் பேசினால் என்ன நடக்கும் என்பதை ஊர் நேரில் பார்த்தது.

இன்று இந்தப் பகுதியில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. விருதுநகரில் 1947-ல் தொடங்கிய செந்திகுமார நாடார் கல்லூரி, சிவகாசியில் 1963-ல் தொடங்கிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி என்று வரிசையாக இருக்கின்றன. பொதுவாக நம்மூர்க் கல்லூரிகளில் கேன்டீன் உண்டு, ஆடிட்டோரியம் உண்டு. மாணவர்களே சாவி வைத்திருக்கும், அவர்களே நடத்தும் ஓர் அறையைத் தேடினால்தான் கஷ்டம். சங்கத் தேர்தல் நடக்க வேண்டும் என்று லிங்டோ கமிட்டி பரிந்துரைத்தது 2006-ல்.

மதுரையில் இருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். வித்யாசாலை இன்னும் இயங்கும் பள்ளி. அதனால் வகுப்பு நேரத்தில் வாசலோடு நின்று பார்த்துவிட்டு வாருங்கள். சாயங்காலம் எண்ணெய் பரோட்டாக் கடையில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். சால்னாவை ஊற்றிவிட்டு, தேர்வு, வேலை, தேர்தல் என்று பரோட்டா ஆறும் வரை சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கும் இளைஞர் கூட்டம் ஒன்று பக்கத்து மேஜையில் நிச்சயம் இருக்கும்.