நஞ்சின் வயது

கடலுக்கும் எம் திருத்தணிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 365 படிகளேறி மலையுச்சியில் நின்று நோக்கினாலும் கண்ணுக்கு எட்டுவன கரும்புக் கொல்லைகளும் ஆந்திர எல்லைக் குன்றுகளுமே. இவ்வூரார்க்குக் கடற்சாமந்தியைப் பற்றி என்ன பேச்சு என மாணவச் செல்வங்கள் வினவலாம். அக்கரும்புக் கொல்லைகளே யாம் இதனை எழுதக் காரணம்.

கடற்சாமந்தி பெயரளவில் மலர். உண்மையில் ஊனுண்ணும் உயிர். பாறையைப் பற்றி வாழும் அதற்குப் பல்லுமில்லை, நகமுமில்லை. இதழ்போல் விரிந்த உணர்கொம்புகளில் சுருண்டு கிடக்கும் நுண்ணிய நச்சிழைகளே அதன் படைக்கலம். மீனோ இறாலோ தீண்டிய நொடியில் அவை பாய்ந்து தைக்கின்றன. நெமடோஸ்டெல்லா என்னும் இனத்தின் இளவுயிரை விழுங்கிய சிறுமீன், நஞ்சு தாளாது உடனே உமிழ்ந்துவிடுவதையும் ஆய்வாளர் கண்டுள்ளனர்.

2015இல் கார்த்திக் சுனாகர், யெஹு மோரன் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு எம்மைப் பெரிதும் ஈர்த்தது. பல்வேறு உயிர்களின் நச்சு மரபணுக்களை அவர்கள் ஒப்பிட்டனர். ஏறத்தாழ 60 கோடி ஆண்டுப் பழமையுடைய கடற்சாமந்திக் குலத்தின் நஞ்சு பெரிதும் மாறாது நிற்கிறது. சில கோடி ஆண்டுகளே கண்ட பாம்பின் நஞ்சோ விரைந்து மாறிவருகிறது. புதிய நிலமும் புதிய இரையும் தேடும் உயிரிடத்து நஞ்சு புதுப்புது வடிவம் கொள்ளும். பொருந்திய வடிவம் வாய்த்தபின் அதனைக் கெடுக்கும் மாற்றங்களை இயற்கை களைந்துவிடும் என்பது அவர்தம் விளக்கம்.

கரும்பு வெட்டுக் காலத்தில் எம் தெருவினர் ஒருவரைக் கண்ணாடிவிரியன் தீண்டியது. குப்பி குப்பியாக மருந்தேற்றிய பின்னரே அவர் பிழைத்தார். பாம்பின் நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியிலிருந்து எடுக்கப்படுவது அம்மருந்து. அந்நஞ்சினைத் திரட்டித் தந்தவர்களுள் தலையாயவர் வடநெம்மேலியில் 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். அம்மக்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவர்க்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. காலந்தாழ்ந்த சிறப்பெனினும் மகிழ்ந்தோம்.

அச்சங்கத்தார் பிடிக்கும் பாம்புகள் எமக்கு அண்மைப் பகுதியின. அது எம் நற்பேறு. ஆனால் இராஜஸ்தான் உழவர்க்கும் வங்க உழவர்க்கும் ஏற்றப்படுவது பெரும்பாலும் இதே நஞ்சினால் ஆன மருந்தன்றோ? ஒரே இனப் பாம்பின் நஞ்சும் வட்டாரந்தோறும் வேறுபடுவதையும், தொலைநிலப் பாம்புகள் சிலவற்றிடம் இம்மருந்தின் ஆற்றல் குன்றுவதையும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சுனாகர் குழுவினர் நடத்திய பிற்கால ஆய்வுகள் காட்டின. 1960இல் எல்லை திருத்தப்பட்டு எம் ஊர் தமிழகத்தோடு இணைந்தது. பாம்பின் நஞ்சு எந்த எல்லையில் மாறுகிறது என்பதை எந்த ஆணையமும் வரைந்து தர இயலாது. அந்தந்த நிலத்துப் பாம்பிடமிருந்தே நஞ்செடுத்து, அந்தந்த நிலத்து உழவர்க்கு மருந்து செய்தல் வேண்டும் என்று அவ்வாய்வாளர் கேட்டு வருகின்றனர்.