ஒரு டம்ளர் பருத்திப்பால்

மதுரையில் சாயங்காலமானால் தள்ளுவண்டி முன்னால் நின்று பருத்திப்பால் குடிப்பது எனக்குக் கல்லூரிக் காலத்துப் பழக்கம். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால், கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், மேலே கொஞ்சம் தேங்காய்ப்பூ. பத்து வருஷம் குடித்த பிறகு போன மாதம்தான் கேட்கத் தோன்றியது.

"அண்ணே, இது பி.டி. பருத்திக்கொட்டையா?"

"கொட்டை கொட்டைதான் தம்பி. மூட்டையில எழுதியா இருக்கு?"

2002-இல் இந்தியா பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தது. இன்று பருத்தி விளையும் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அதுதான். 2010-இல் பி.டி. கத்தரிக்காயை நிறுத்திவைத்தபோது, மரபணு மாற்றிய உணவு நம் தட்டுக்கு வரவில்லை என்று நானும் நிம்மதியானேன். பஞ்செடுத்த பின் மிஞ்சும் கொட்டை எண்ணெய் ஆலைக்குப் போவதை யோசிக்கவில்லை.

இத்தகைய உணவுப் பொட்டலத்தின் மேல்பக்கம் 'ஜி.எம்.' என்று அச்சிட வேண்டும் என 2013 ஜனவரி 1 முதல் விதி வந்தது. எண்ணெய் பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். ஒன்றிலும் கண்டதில்லை. சுத்திகரித்த எண்ணெயில் புரதமோ மரபணுவோ பேருக்குத்தான் மிஞ்சும், சோதித்தும் பிடிக்க முடியாது, பிறகு லேபிள் எதற்கு என்கிறது எதிர்த்தரப்பு. நியாயமான கேள்விதான்.

ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். பெரம்பலூர் பக்கம் கரிசலில் பருத்தி போடுகிறவர். முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப நான் விஷத்தையா வெளைய வெக்கிறேன்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. காய்ப்புழுவுக்கு மருந்தடித்து மருந்தடித்து, தலை சுற்றித் திண்ணையில் அவர் படுத்துக்கிடந்த வருஷங்களை நானும் பார்த்திருக்கிறேன்.

மோட்டார் ரூமில் பழைய விதை பாக்கெட் ஒன்று கிடந்தது. 'பி.டி.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எடுத்துக் காட்டினேன்.

"வாங்குற உங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கான்ல? திங்குறவங்களுக்கும் அதே மாதிரி எழுதிக் குடுன்னுதான் கேக்குறோம். விஷம்னு யாரும் சொல்லலப்பா."

அப்பா பாக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ஜின்னிங் மில்லுல எல்லாக் கொட்டையையும் ஒண்ணாக் கொட்டிடுவான். அங்கேருந்து எவன் எழுதுவான்?"

இந்த விவாதத்தில் நான் கேட்டதிலேயே சரியான கேள்வி அது. வயலிலிருந்து கிளம்பிய எழுத்து மில் வாசலிலேயே விழுந்துவிடுகிறது. நான் அதைக் கடைசிப் பொட்டலத்தில் தேடிக்கொண்டிருந்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004 முதல், சரக்கைக் கைமாற்றும் ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு அதை எழுதிக் கொடுக்க வேண்டும். எண்ணெயில் மரபணு மிஞ்சாவிட்டாலும் லேபிள் உண்டு. அங்கே ஆய்வகத்தை விடச் சீட்டுக்குத்தான் வேலை அதிகம்.

போன வாரமும் வண்டிக்குப் போனேன்.

"என்ன தம்பி, எந்தக் கொட்டைன்னு கண்டுபிடிச்சிட்டியா?"

"எங்கப்பா காட்டுக் கொட்டையாக்கூட இருக்கலாம்ணே" என்றேன். அண்ணன் சிரித்துக்கொண்டே டம்ளரை நிரப்பினார்.