குளத்தில் இறங்கிய தோணி

கலம், நாவாய், வங்கம், திமில், அம்பி, ஓடம் என நீரில் செல்வனவற்றுக்கு எத்தனையோ பெயர்களை நம் பழந்தமிழ் நூல்கள் காத்து வைத்திருக்கின்றன. மேடைதோறும் அவற்றை எடுத்துக்காட்டி நாம் பெருமிதம் கொள்கிறோம். ஆனால் கலங்களைக் கட்டிய கைகளோடு வாழ்ந்த சொற்கள் வேறு சில உண்டு. கலத்தின் முதுகெலும்பாகிய அடிக்கட்டைக்கு ஏரா என்று பெயர். அதன்மீது விலாவெலும்பு போல் எழுபவை வங்குகள். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். பலகைகளின் இடுக்கில் நூலும் குங்கிலியமும் திணித்து நீர் புகாமல் அடைப்பது கலப்பத்து. இச்சொற்கள் ஏட்டைக் காட்டிலும் தொழிலாளர் வாயிலேயே மிகுதியும் வாழ்ந்தவை. தொழில் ஓய்ந்தால் அவையும் ஓயும்.

என் தாய்மாமன் தூத்துக்குடியில் ஓர் ஓடாவி. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற மரத்தோணிகளைக் கட்டியவர்களுள் ஒருவர். வரைபடம் என்ற ஒன்றை அவர் தொட்டு நான் கண்டதில்லை. அளவெல்லாம் அவர் கண்ணிலும் விரலிலும் இருந்தது. சிறுவனாகிய என்னை அருகில் இருத்தி, "மரம் போற போக்கைப் பாத்து வளைக்கணும் மருமவனே, அடிச்சு வளைச்சா ஒருநாள் தண்ணியில வச்சுப் பழிவாங்கும்" என்பார். நானோ 1978-இல் பிழைப்புத் தேடிப் போபாலுக்கு வந்து, கடலோசை எட்டாத இந்நகரில் இயந்திரங்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றேன். மாமா மறைந்து நெடுநாளாயிற்று. அவர் சொற்களைப் பேசுவதற்கு இங்கே எனக்கு ஆள் இல்லை. சுட்டிக்காட்டப் பொருளும் இல்லை. எனவே பொருளையே செய்துவிடுவது என்று துணிந்தேன். வானலையால் இயங்கும் ஒரு மரத்தோணி. என் முதல் தோணி.

கடைகளில் பகுதிகளாக வாங்கிப் பொருத்தும் படகுகள் கிடைக்கின்றன. அவற்றுள் மேல்நாட்டு இழுவைப் படகுகள் உண்டு; போர்க்கப்பல்கள் உண்டு; தூத்துக்குடித் தோணி இல்லை. ஆகவே வரைபடத்திலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. 2017-இல் ஊருக்குச் சென்றபோது, பழுது பார்ப்பதற்காகக் கரையேற்றி வைத்திருந்த தோணி ஒன்றை, உரிமையாளரின் இசைவு பெற்று அளந்தேன். நீளம் 24 மீட்டர், அகலம் 7.2 மீட்டர். இரண்டு மீட்டருக்கு ஓரிடமாகத் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, உடலின் வளைவைப் பல உயரங்களில் குறித்துக்கொண்டேன். அக்குறிப்புகளே போபாலில் 11 குறுக்குவெட்டுப் படங்களாயின. உண்மைத் தோணியில் வங்குகள் நெருங்கி நிற்கும். சிற்றுருவுக்கு அந்தப் பதினொன்றே போதும்.

இருபத்துநான்கில் ஒரு பங்கு என்று அளவு கொண்டேன். தோணி ஒரு மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உடையதாயிற்று. இங்கே வியப்பான கணக்கு ஒன்று உண்டு. நீளம் 24-இல் ஒரு பங்காகும்போது எடை 24-இல் ஒரு பங்காவதில்லை. நீளம், அகலம், ஆழம் மூன்றும் குறைவதால், 24-ஐ மும்முறை பெருக்கி வரும் 13,824-இல் ஒரு பங்காகிறது. சரக்கேற்றிய தோணியின் எடை ஏறக்குறைய 207 டன் என்று கணக்கிட்டேன். சிற்றுருவுக்கு அது 15 கிலோ. மரத்தைச் சுருக்கலாம், சுக்கானைச் சுருக்கலாம், தண்ணீரைச் சுருக்க இயலாது. படகு உரிய மட்டத்தில் மிதக்க வேண்டுமானால் அந்த 15 கிலோவைத் தண்ணீர் கேட்டே தீரும்.

வேகத்துக்கும் இத்தகைய விதி உண்டு. வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் 1870-களின் தொடக்கத்தில் டார்க்கீ நகரில் நீண்ட நீர்த்தொட்டி ஒன்றை அமைத்து, அதில் சிறு கப்பலுருக்களை இழுத்து ஆராய்ந்தவர். அளவு எத்தனை மடங்கு குறைகிறதோ, அதன் வர்க்கமூலத்தால் வேகம் குறைய வேண்டும். அப்போதுதான் சிறியது எழுப்பும் அலை பெரியது எழுப்பும் அலையை ஒத்திருக்கும் என்பது அவர் கண்ட முறை. இருபத்துநான்கின் வர்க்கமூலம் ஏறத்தாழ 4.9. மணிக்கு 7 கடல்மைல் செல்லும் தோணி, என் குளத்தில் மணிக்கு 2.6 கிலோமீட்டர் சென்றால் போதும். நடை பழகிய குழந்தையின் வேகம்! விசைப்படகுபோல் சீறிப்பாய்ந்தால் அது தோணியாகத் தோன்றாது. எனவே மெல்லச் சுழலும் மின்விசைப்பொறி ஒன்றையே தேர்ந்தேன்.

ஏரா தேக்கில் அமைந்தது. வங்குகள் 6 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் அறுத்தவை. மேற்பலகைகளுக்காக 3 மில்லிமீட்டர் கனத் தேக்குச் சட்டங்களை வெந்நீரில் ஊறவைத்து, வங்குகளின்மேல் படிய வளைத்து ஒட்டினேன். ஒருபக்கம் ஒரு சட்டம் பொருத்தினால் மறுபக்கமும் உடனே ஒன்று பொருத்த வேண்டும். இல்லையேல் உலரும் மரம் ஏராவையே ஒருபுறம் இழுத்துவிடும். நடுவில் அகன்றும் அணியத்தில் ஒடுங்கியும் செல்லும் உடலுக்கேற்ப ஒவ்வொரு சட்டத்தையும் நுனியில் சீவிக் குறுக்க வேண்டும். மரம் போகும் போக்கைப் பார்க்கச் சொன்ன மாமாவின் சொல் அப்போதுதான் என் கைக்கு விளங்கியது. கலப்பத்துக்கு நூலும் குங்கிலியமும் இல்லை. மரத்தூள் குழைத்த எபாக்சிப் பிசின்தான். எனினும் அவ்வேலையைக் கலப்பத்து என்றே வீட்டில் வழங்கினோம்.

வானலையால் படகை ஓட்டும் வித்தை பழையது. நிக்கோலா டெஸ்லா 1898-இலேயே நியூயார்க்கில், மாடிசன் சதுக்கப் பூங்கா அரங்கில், மக்கள் கண்முன் சிறுபடகு ஒன்றைக் கம்பியின்றி இயக்கிக் காட்டினார். இன்று அவ்வித்தை உள்ளங்கையில் அடங்குகிறது. கையில் அலைபரப்பி, படகினுள் அலைவாங்கி. நெம்பை அசைத்தால், நொடிக்கு ஐம்பது முறை வரும் சிறு மின்துடிப்புகளின் நீளம் மாறுகிறது. துடிப்பு ஒன்றரை மில்லிநொடி நீண்டால் சுக்கான் நேரே நிற்கும். அதனினும் குறைந்தால் ஒருபுறமும், மிகுந்தால் மறுபுறமும் திரும்பும். இவ்வுயர் அலைவரிசை தண்ணீரை ஊடுருவாது. ஆகவே அலைவாங்கியின் கம்பியை நீர்மட்டத்துக்கு மேலே, பாய்மரத்தின் அடியில் மறைத்து வைத்தேன். விசிறியின் தண்டு பித்தளைக் குழாய் வழியே வெளியேறுகிறது. குழாயினுள் கெட்டிப்பசை நிரப்பி, உள்முனையை நீர்மட்டத்துக்கு மேலாக நிறுத்தினால் தண்ணீர் ஏறாது.

வேலை நடந்த இரண்டு ஆண்டுகளும் என் பேத்தி அருகில் இருந்தாள். அவளுக்குத் தமிழ் வீட்டுமொழி; பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும். சொற்களை நான் பாடமாகச் சொல்லித்தரவில்லை. "அந்த வங்கை எடு", "அணியத்தைப் பிடித்துக்கொள்" என்று வேலையின் போக்கில் சொன்னேன். அவள் எடுத்தாள், பிடித்தாள்.

சிமெண்டுத் தொட்டியில் முதன்முதலாக இறக்கியபோது, வெறுந்தோணி நீர்மேல் உயர்ந்து நின்று, விரல் பட்டாலே சாய்ந்தாடியது. உடலும் விசைப்பொறியும் சேர்ந்து ஐந்தரைக் கிலோதான். இரண்டரைக் கிலோ மின்கலத்தை ஏராவின்மேல் படுக்க வைத்தோம். பின்னர் ஈயக்கட்டிகளை ஒவ்வொன்றாக அடியில் அடுக்கினோம். ஏழாவது கிலோ ஏறியபோது தோணி, நாங்கள் பென்சிலால் கோடிட்ட மட்டத்தில் வந்து அமர்ந்தது. தட்டிப் பார்த்தால் பெருங்கலம்போல் மெல்லச் சாய்ந்து மெல்ல நிமிர்ந்தது. "பாரம் ஏற ஏறப் படகு முழுகாதா தாத்தா?" என்று கேட்டாள். அளவறிந்து, அடியில் வைத்த பாரம் படகை நிமிர்த்தி நிறுத்தும் என்றேன்.

போஜ மன்னன் 11-ஆம் நூற்றாண்டில் அமைத்ததாகச் சொல்லப்படும் பேரேரி எங்கள் நகரில் உண்டு. எங்கள் தோணிக்கு அது மிகை. குடியிருப்பை அடுத்த சிறு குளத்தில் ஒரு ஞாயிறு காலை இறக்கினோம். அலைபரப்பி பேத்தியின் கையில் இருந்தது. தோணி அணியத்தால் நீரைப் பிளந்து, அவசரமின்றி அக்கரை சென்று, வளைந்து திரும்பியது. அவள் தோழியர் சூழ்ந்துகொண்டு இந்தியில் ஆயிரம் கேள்விகள் கேட்டனர். அவளும் இந்தியிலேயே விடை சொன்னாள். ஆனால் ஏரா, வங்கு, அணியம், அமரம் ஆகியவற்றை மொழிபெயர்க்கவில்லை. அவற்றுக்கு வேறு பெயர் இருக்கக்கூடும் என்ற நினைவே அவளுக்கு எழவில்லை. சற்று நேரத்தில் அப்பெண்களுள் ஒருத்தி அமரத்தைச் சுட்டி, "அமரம்" என்றாள்.

தாய்மண்ணை விட்டு வந்த நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்க நாம் பெரிதும் பாடுபடுகிறோம்; அது வேண்டுவதே. அதனோடு தறியோ, திரிகையோ, ஏற்றமோ, நம் முன்னோர் கையாண்ட ஏதேனும் ஒன்றைச் சிற்றுருவிலேனும் அவர்களோடு சேர்ந்து செய்து பார்க்கலாம். பொருள் கைக்கு வந்தால் பெயர் நாவுக்குத் தானே வருகிறது.

இப்போது தோணிக்குப் பாய் கட்டும் வேலை நடக்கிறது. பாய் தொங்கும் குறுக்குமரத்துக்குப் பருமல் என்று பெயர். நேற்று அதை இழைத்துக்கொண்டிருந்தபோது, நான் சொல்வதற்கு முன்பே பேத்தி கேட்டாள்: "தாத்தா, இதற்கு உங்கள் மாமா என்ன பெயர் சொல்வார்?"