மேம்பாலத்தடியில் ஒரு விசாரணை

நேற்றிரவு 11.30 மணிக்கு ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த என்னை, மேம்பாலத்தடியில் இரும்புத் தடுப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு நின்ற காவலர் ஒருவர் மறித்து, டார்ச் வெளிச்சத்தை நேரே முகத்தில் அடித்து, “எங்கேருந்துய்யா வர்றே?” என்று ஏகவசனத்தில் வினவியபோது, ஐம்பத்தெட்டு வயதின் கௌரவம் அத்தனையும் ஒரு க்ஷணத்தில் தொண்டைக்கு ஏறி வந்து நின்றதென்பதை நான் மறைக்கப்போவதில்லை. ஆயினும் வண்டியை அணைத்து, தலைக்கவசத்தைக் கழற்றி, “வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறேன் சார்” என்றேன்.

சீருடையிலுள்ள காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டவேண்டுமென்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவு. கைப்பேசியில் டிஜிலாக்கர் செயலியில் காட்டினாலும் செல்லும் என்பது பிற்பாடு வந்த விதித்திருத்தம். அப்படியே காட்டக் கைப்பேசியை அவரிடம் கொடுத்தேன்; அவரோ அட்டைதான் வேண்டுமென்றார். நியாயம் நம் பக்கம் இருக்கும் சமயந்தான் மகா அபாயகரமானது. சட்டம் தெரிந்தவனுக்குக் குரல் தானாகவே உயர்ந்துவிடுகிறது! “உங்க அதிகாரியை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன் சார்” என்று விநயமாகவே சொன்னேன். விநயமென்ன, பாதி பயந்தான்.

தடுப்பின்மீது அவர் வைத்திருந்த காகிதக் கோப்பையில் தேநீர் ஆறி, ஆடை படிந்திருந்தது. எந்நேரத்திலிருந்து நிற்கிறாரோ! கைப்பேசியை என்னிடமே நீட்டி, “போங்க சார்” என்றார்.